சிரிப்பொலிக்கு நடுவே கோகோல்

பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி அது 1836ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள். பீட்டர்ஸ்பர்க் நகரின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கம் நிறைந்திருந்தது. பேரரசர் முதலாம் நிக்கலாய் வந்திருந்தார். உயர் அலுவலர்களும் திரண்டிருந்தனர். அன்று மேடையேறியது 'அரசாங்க ஆய்வாளர்' என்னும் அங்கத நாடகம். அதனை எழுதிய நிக்கலாய் கோகோலுக்கு அப்போது அகவை 27.

நாடகம் அவருக்குத் தந்தைவழிச் சொத்து. உக்ரைனின் பொல்த்தாவாப் பகுதியில் நிலக்கிழாராக இருந்த தந்தையார், உறவினர் ஒருவரின் மாளிகை அரங்கிற்கு நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர். மகனும் பள்ளி மேடையில் கிழவி வேடமிட்டுப் பெயர் பெற்றார். ஆனால் தலைநகரம் அவரை நடிகராக ஏற்கவில்லை. முதற் கவிதை நூல் ஏளனத்துக்கு ஆளானபோது, விற்காத படிகளைத் திரட்டி எரித்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த பணியும் நிலைக்கவில்லை. 1835 அக்டோபரில், நகைச்சுவை நாடகத்துக்கு ஒரு கரு தருமாறு புஷ்கினுக்கு மடல் எழுதினார். சில திங்களில் நாடகம் உருவாயிற்று. கவிஞர் சுக்கோவ்ஸ்கி அரண்மனையில் துணைநின்றமையால் தணிக்கையையும் கடந்தது.

சிற்றூர் அலுவலர்கள், கையில் காசற்ற ஒரு கீழ்நிலை எழுத்தனை மாறுவேடத்தில் வந்த ஆய்வாளன் எனக் கருதிக் கையூட்டால் குளிப்பாட்டுகின்றனர். அவன் போனபின் உண்மையான ஆய்வாளர் வந்திருக்கும் செய்தி வருகிறது, அனைவரும் சிலையாகின்றனர். கதை இவ்வளவே.

பேரரசர் மனம்விட்டுச் சிரித்தார். எல்லாரையும்விடத் தமக்கே மிகுதியாக அடி விழுந்தது என்று அவர் கூறியதாகவும் சொல்வர். அன்று அரங்கில் இருந்த அன்னென்கோவ், முதல் அங்கத்தில் திகைப்பாக இருந்த முகங்கள் போகப்போகச் சினம் கொண்டதைப் பதிவுசெய்துள்ளார்.

கோகோலை வருத்தியது அச்சினம் மட்டுமன்று. மேடையே அவரை வருத்தியது. ஹ்லெஸ்தகோவ் திட்டமிட்டு ஏமாற்றுபவன் அல்லன். பொய் சொல்லும் கணத்தில் தானே அதை நம்பிவிடுபவன். அந்த நுட்பத்தைத் தவறவிட்டு, நடிகர் தூர் அவனை வழக்கமான கேலிக்கூத்துப் போக்கிரியாக்கினார். ஒழுங்காகத் தலைவாரிய குள்ளர்களாகக் கோகோல் கற்பனை செய்திருந்த பாப்சின்ஸ்கியும் தாப்சின்ஸ்கியும் கலைந்த பொய்முடியோடு கோமாளிகளாய் வந்தனர். இறுதி ஊமைக்காட்சியும் குலைந்தது. அச்சுப் பிரதியில் அதற்கு அவர் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் வகுத்திருக்கிறார். பார்ப்பவரின் சிரிப்பு அடங்கித் தன்பக்கம் திரும்ப வேண்டிய இடம் அதுதான். அது தவறினால் எஞ்சுவது வெறும் கேலியே. தம் படைப்பு தமக்கே அயலாகிவிட்டதாக அவர் உணர்ந்ததில் வியப்பில்லை.

மாஸ்கோவில் மேதை செப்கின் நடிக்கவிருந்தார். அங்கும் கோகோல் செல்லவில்லை. ஜூன் திங்களில் புஷ்கினிடம்கூட விடைபெறாமல் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். பின்னர் இருவரும் சந்திக்கவேயில்லை. 1837இல் புஷ்கின் மறைந்தார்.

அந்த இரவு அவரை விடவில்லை. நாடகம் முடிந்து வெளியேறுவோரின் பேச்சையே தனி நாடகமாக்கி 1842இல் வெளியிட்டார். 1846இல், அவ்வூர் மனிதனின் ஆன்மாவென்றும் ஆய்வாளர் மனச்சான்றென்றும் புதுவிளக்கம் எழுதினார். செப்கின் அதனை ஏற்கவில்லை. தாம் பழகிய அந்த அலுவலர்களை மனிதர்களாகவே விட்டுவைக்குமாறு மடலில் மன்றாடினார். நியாயம் நடிகர் பக்கமே. ஆயினும் கோகோலின் நெஞ்சம் அதற்குள் வேறு திசையில் சென்றுவிட்டது. 1852 பிப்ரவரியில் ஓர் இரவு, 'இறந்த ஆன்மாக்கள்' நூலின் இரண்டாம் பகுதியைத் தீயிலிட்டார். பத்தாம் நாள் மாஸ்கோவில் அவர் உயிர் பிரிந்தது.