சிந்தனைக்குக் கணிதம் கண்ட ஜோர்ஜ் பூல்

காரணங்காட்டி முடிவு காணும் முறையை ஆராயும் கலை தருக்கம் எனப்படும். ஏரணம், அளவையியல் என்பனவும் அதன் பெயர்களே. அக்கலையைக் கணிதத்துள் கொணர்ந்த பேரறிஞர் ஜோர்ஜ் பூல்.

இவர் 1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், காலணி செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். குடும்பம் நொடித்தமையால் 16 வயதிலேயே ஆசிரியப் பணியை ஏற்றார். பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்புக் கிட்டாதபோதும், மொழிகளையும் உயர்கணிதத்தையும் தாமே கற்றுத் தேர்ந்தார். பட்டம் பெறாத அவரை 1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரக் குயின்ஸ் கல்லூரி கணிதப் பேராசிரியராக அமர்த்தியது.

சிந்தனையின் விதிகளை ஆராயும் தம் நூலை 1854இல் வெளியிட்டார். மெய்க்கு 1, பொய்க்கு 0 எனக் கொண்டார். மழையும் பெய்கிறது, காற்றும் வீசுகிறது எனின், இரண்டும் மெய்யானால்தான் முழுக்கூற்றும் மெய்யாகும். 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. 0ஆல் பெருக்கினால் 0 அன்றோ!

1864இல் மழையில் நனைந்து சென்று ஈர உடையுடனேயே பாடம் நடத்திய பூல், நோயுற்று டிசம்பர் 8ஆம் நாள் தமது 49ஆம் வயதில் மறைந்தார். 1937இல் குளோட் ஷனன் என்பார் அவரது கணிதம் மின்சுற்றுகளுக்குப் பொருந்துவதைக் காட்டினார். இன்றைய கணினிகளுக்கு அதுவே அடிப்படை.

மாணவச் செல்வங்களே! 'உம்', 'அல்லது', 'ஆயின்' என்னும் நம் சிறு சொற்களிலும் ஏரணம் உறைகின்றது. அவற்றின் பொருளறிந்து பேசப் பழகுவோமாக.