எண்ணின் தோளில் ஏறிய எண்

நுழையும்முன்

ஓர் எழுத்தின் வலத்தோளில் சிறிய எண்ணொன்றை எழுதி, அதனை அடுக்கு என்கிறோம். எளிதாய்த் தோன்றும் அக்குறியீட்டை உலகில் நிலைபெறச் செய்த அறிஞர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

பிரான்சு நாட்டின் தூரேன் பகுதியிலுள்ள லா ஏ என்னும் சிற்றூரில், 1596ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் ரெனே டேக்கார்ட் பிறந்தார். ஓராண்டு கடந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். லா ஃபிளேஷ் நகரக் கல்லூரியில் பயின்றபோது, அவருடைய மெலிந்த உடல்நிலை கருதி, காலையில் நெடுநேரம் படுக்கையிலேயே இருக்க ஆசிரியர்கள் இசைவளித்தனர். அவ்வமைதியான பொழுதே பிற்காலத்தில் அவர் சிந்திக்கும் வேளையாயிற்று.

1616இல் சட்டப் படிப்பை முடித்த அவர், இரண்டாண்டுகளுக்குப் பின் நெதர்லாந்துப் படையில் சேர்ந்தார். அங்கு பிரேடா நகரில் ஐசக் பேக்மன் என்னும் அறிஞரின் நட்புக் கிட்டியது. அந்நட்பு அவரது உள்ளத்தைக் கணிதத்தின்பால் ஈர்த்தது.

அக்கால இயற்கணிதம் வடிவங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் சதுரம். மீண்டும் பெருக்கினால் கனசதுரம். மேலும் ஒருமுறை பெருக்கினால் காட்டுவதற்கு வடிவம் ஏது? நீளத்தோடு பரப்பைக் கூட்டுவதும் முறையன்று எனக் கருதப்பட்டது. வியத் போன்ற பேரறிஞரும் அடுக்குகளைச் சொற்களாலேயே எழுதினர். பெருக்கல் நீள நீளச் சொற்களும் நீண்டன. அவற்றுள் மறைந்திருந்த ஒழுங்கு கண்ணுக்குப் புலப்படவில்லை.

1628 முதல் நெதர்லாந்தில் தங்கி ஆய்வு செய்த டேக்கார்ட், உலகின் இயல்பை விளக்கும் பெருநூலொன்றை எழுதினார். புவி சுழல்கிறது என்னும் கருத்துக்காகக் கலீலியோ 1633இல் தண்டிக்கப்பட்ட செய்தி அறிந்ததும், அதே கருத்தைக் கொண்ட தம் நூலை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். பல்லாண்டு உழைப்பு பெட்டிக்குள் உறங்கியது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1637இல் லெய்டன் நகரில் வெளியான தம் நூலொன்றின் இணைப்பாக வடிவியல் என்னும் பகுதியைச் சேர்த்தார். கற்றோர் மொழியான இலத்தீனைத் தவிர்த்து, தாய்மொழியாகிய பிரெஞ்சில் அதனை எழுதினார்.

அதில் அவர் ஒரு கோட்டை ஓரலகு எனக் கொண்டார். அவ்வலகைத் துணைகொண்டால் எந்தப் பெருக்கற்பலனையும் ஒரு கோடாகவே காட்டலாம். வடிவத்தின் தளையிலிருந்து அடுக்குகள் விடுபட்டன. பெருக்கப்படும் ஒத்த காரணிகளின் எண்ணிக்கையைத் தோளின்மேல் சிறிய எண்ணாக எழுதினார். முன்னோர் சிலரும் இத்தகைய முயற்சிகளை மேற்கொண்டதுண்டு; எனினும் நிலைபெற்றது இவர் எழுதிய முறையே. 2³ × 2⁴ என எழுதிப் பார்த்தால், மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழு இரண்டுகள் பெருக்கப்படுவது புலனாகும். ஆகவே விடை 2⁷. அடிமானம் ஒன்றாயின் அடுக்குகளைக் கூட்டுக என்னும் விதியைக் குறியீடே கற்பித்துவிடுகிறது.

சமன்பாடுகள் பெருக்கலால் உருவாவதையும் அந்நூல் காட்டியது. அறியாத எண்ணை நாம் 'க' என்போம். அதன் மதிப்பு 2 அல்லது 3 எனில், (க − 2), (க − 3) ஆகியவற்றைப் பெருக்க, க² − 5க + 6 கிடைக்கும். இதனை மீண்டும் (க − 4) ஆல் பெருக்க, க³ − 9க² + 26க − 24 என விரியும். ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றின் ஒவ்வோர் உறுப்பையும் தவறாது சந்திக்க வேண்டும். பின்னர் ஒத்த அடுக்குகள் ஒன்றுசேரும். பெருக்கத் தெரிந்தவர்க்கே காரணிகளாகப் பிரிக்கும் வழியும் புலப்படும்.

சுவீடன் அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்று 1649இல் ஸ்டாக்ஹோம் சென்றார். வைகறை ஐந்து மணிக்கே அரசிக்குப் பாடம் சொல்ல நேர்ந்தது. கடுங்குளிரில் நுரையீரல் அழற்சியுற்று, 1650 பிப்ரவரி 11இல் தம் 53ஆம் அகவையில் மறைந்தார். முழு எண்களாய் அவர் எழுதிய அடுக்குகளைப் பின்வந்த நியூட்டன் பின்னங்களுக்கும் குறை எண்களுக்கும் விரித்தார். பிறந்த ஊரும் இன்று டேக்கார்ட் என்றே அழைக்கப்படுகிறது.

அச்சத்தால் ஒரு பெருநூலை மறைத்துவைத்த அறிஞர், ஒரு சிறு குறியீட்டால் எண்ணற்ற மாணவர்தம் சிந்தனைச் சுமையைக் குறைத்தார். விதியை மனப்பாடம் செய்யுமுன், அக்குறி எதனை எண்ணிச் சொல்கிறது என வினவுவதே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.