14 ஆண்டுகள் படம் எடுக்காத டைரக்டர்

உலகப் புகழ் பெற்ற டைரக்டர் டேவிட் லீன், சினிமா பார்க்கத் தடை இருந்த வீட்டில் வளர்ந்தவர்.

லண்டனை அடுத்த கிராய்டனில் 1908 மார்ச் 25-ந் தேதி பிறந்தார். தந்தை கணக்காளர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். சினிமா ஆகாது என்பது பெற்றோரின் கொள்கை.

தந்தையின் ஆபீசில் கணக்கு எழுத மனம் ஒட்டவில்லை. 1927-ல் கோமான்ட் ஸ்டூடியோவில் சேர்ந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. படிப்படியாக எடிட்டர் ஆனார். 1942-ல் நோயல் கவர்டுடன் சேர்ந்து முதல் படத்தை டைரக்ட் செய்தார்.

ரெயில் நிலையக் காதல்

"பிரீப் என்கவுன்டர்" 1945-ல் வந்தது. ரெயில் நிலையத்தில் சந்திக்கும் திருமணமான இருவரின் நிறைவேறாத காதல் கதை. படப்பிடிப்பின்போது போர் முடியவில்லை. லண்டனில் இரவில் விளக்குப் போட்டால் குண்டு விழும். எனவே வெகு தொலைவில் உள்ள கார்ன்போர்த் நிலையத்துக்குப் போய் எடுத்தனர்.

1957-ல் "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்". இலங்கையில் களனி ஆற்றின் மீது பாலம் கட்டி, நிஜ ரெயிலை ஓடவிட்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் முயற்சியில் காமிராமேன் ஒருவரின் சைகை வராததால் வெடிக்கவில்லை. ரெயில் பாலத்தைக் கடந்து தடம் புரண்டது. அதைத் தூக்கி நிறுத்தி மீண்டும் எடுத்தனர். படம் 7 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. 1962-ல் "லாரன்ஸ் ஆப் அரேபியா"வுக்கும் 7 பரிசுகள்.

விழுந்த அடி

1970-ல் "ரயன்ஸ் டாட்டர்" வெளிவந்தது. நியூயார்க் விமர்சகர்கள் அவரை ஓட்டலுக்கு அழைத்து, முகத்துக்கு நேரே குறை கூறினார்கள். மனம் உடைந்துபோனார். இடையில் தொடங்கிய ஒரு கப்பல் கதையும் கைகூடவில்லை. 14 ஆண்டுகள் அவருடைய படம் எதுவும் தியேட்டருக்கு வரவில்லை.

அந்த மௌனம் கலைந்தது நம் பெங்களூரில்தான். "எ பாசேஜ் டு இந்தியா" படத்துக்காக இங்கே ஒரு ஊரையே செட்டாகப் போட்டார். குகைக் காட்சிகளுக்கு ராமநகரம், சாவனதுர்கா பாறைகள்; ரெயில் காட்சிக்கு நீலகிரி மலை ரெயில். அப்போது வயது 75. எடிட்டிங்கையும் தானே செய்தார். 1984-ல் வெளியான படம் இரண்டு ஆஸ்கார் பெற்றது. அதே ஆண்டில் "சர்" பட்டமும் கிடைத்தது.

அடுத்த படத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, 1991 ஏப்ரல் 16-ந் தேதி காலமானார்.

டைரக்ட் செய்தவை 16 படங்கள். அந்த 14 ஆண்டுகள் வீணாகாமல் இருந்தால் இன்னும் எத்தனை வந்திருக்குமோ!