மலபாரின் வரலாற்றை எழுதிய மக்தூம்

1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கியதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். அதன்பின் அக்கரை மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, அந்த மண்ணிலேயே வாழ்ந்து எழுதி வைத்தவர்கள் 16-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள்.

மக்தூம் குடும்பத்தின் முன்னோர் மஅபர் எனப்பட்ட நம் கிழக்குக் கரையிலிருந்து கொச்சிக்குச் சென்று குடியேறியவர்கள். அதே பெயர் கொண்ட பாட்டனார், பொன்னானியில் பெரிய பள்ளிவாசலை எழுப்பி அவ்வூரை மார்க்கக் கல்வியின் மையமாக்கினார்கள். பேரரோ மக்கா சென்று, இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்களிடம் பயின்று பொன்னானி திரும்பினார்கள்.

அவர்கள் எழுதிய ஃபத்ஹுல் முஈன் என்ற ஷாஃபிஈ சட்டநூல் நம் அரபி மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. அதே கை எழுதிய வரலாற்று நூலான துஹ்ஃபத்துல் முஜாஹிதீனை நம்மில் பலர் அறியோம்.

போர்த்துகீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலங்கள் பறிக்கப்பட்டதும், ஹஜ் பயணம் தடைபட்டதும், 1510-இல் கோழிக்கோட்டு ஜும்ஆ பள்ளி எரிக்கப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளன. 1571-இல் சாமூதிரி மன்னர் சாலியம் கோட்டையைக் கைப்பற்றிய வெற்றியும் உண்டு. அந்நியரை எதிர்த்து நிற்கும்படி அழைத்த அந்நூலை, பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கினார்கள்.

கோபத்தில் எழுதினாலும் அவர்கள் நீதி தவறவில்லை. முஸ்லிம்களை மதித்து, காஜிகளுக்கும் முஅத்தின்களுக்கும் ஊதியம் வழங்கிய இந்து மன்னர்களின் நற்குணத்தை மனமாரப் பாராட்டினார்கள். மலபார் இந்துக்களின் வழக்கங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். சோதனை வந்ததற்குத் தம் சமுதாயத்தின் குறைகளையும் காரணமாகச் சொன்னார்கள். சேரமான் பெருமாள் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினார் என்ற பரவலான செய்தியைக்கூட, உறுதியான சான்று இல்லை என்பதால் ஏற்கவில்லை. தம் மக்கள் விரும்பும் கதையாயினும் சரிபார்த்தே ஏற்க வேண்டும் என்பது அவர்களின் முறை.

இந்நூலைப் பேராசிரியர் முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அடிமைப்பட்டிருந்த மண்ணின் வரலாற்றை ஆண்டவர்களின் ஏடுகளில் மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். மீதியை எழுதி வைத்துச் சென்றவர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது நம் கடமை.