பந்தைக் கக்கத்தில் இடுக்கிய வீரர்

1950-ஆம் ஆண்டு, ஜூலை 16-ந் தேதி. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரம். மரக்கானா மைதானத்தில் கடல் போல் கூட்டம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1 லட்சத்து 73 ஆயிரத்து 850 பேர்!

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் வெற்றி யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டம் அது. பெரிய நாடான பிரேசிலும், அதன் பக்கத்தில் உள்ள சின்னஞ்சிறு நாடான உருகுவேயும் மோதின.

இடைவேளை வரை கோல் இல்லை. இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடமே பிரேசில் வீரர் ஃபிரியாசா ஒரு கோல் போட்டார். மைதானம் அதிர்ந்தது.

அப்போது உருகுவே அணியின் தலைவர், வலைக்குள் கிடந்த பந்தை எடுத்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மெதுவாக, மிக மெதுவாக நடுவரை நோக்கி நடந்தார்.

அவர்தான் ஒப்துலியோ வரேலா.

தெருவில் வளர்ந்தவர்

வரேலா 1917-ஆம் ஆண்டு உருகுவேயின் தலைநகரான மொண்டிவிடியோவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. தெருவில் செய்தித்தாள் விற்றார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். மற்ற நேரமெல்லாம் பந்து விளையாட்டுதான்.

1943-ஆம் ஆண்டு புகழ்பெற்ற பெனரோல் கிளப்பில் சேர்ந்தார். 'சென்டர் ஹாஃப்' இடத்தில் ஆடுவார். கம்பீரமான தோற்றம், தளராத உறுதி. கறுப்புத் தலைவர் என்று ரசிகர்கள் அவரை அன்புடன் அழைத்தார்கள்.

1948-ஆம் ஆண்டு உருகுவேயில் கால்பந்து வீரர்கள் தங்கள் உரிமைகளுக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். பல மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர் வரேலா. மைதானத்தில் மட்டுமல்ல, வெளியிலும் அவர் தலைவர்தான்!

முன்கூட்டியே கொண்டாட்டம்

அந்த உலகக் கோப்பையில் பிரேசில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் தோற்கடித்திருந்தது. கடைசி ஆட்டம் 'டிரா' ஆனாலே போதும், கோப்பை பிரேசிலுக்கு. உருகுவேக்கோ வெற்றி ஒன்றுதான் வழி.

பிரேசிலில் வெற்றி விழா அப்போதே தொடங்கிவிட்டது. ஒரு பத்திரிகை பிரேசில் வீரர்களின் படத்தைப் போட்டு, உலக சாம்பியன்கள் இவர்களே என்று அறிவித்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே ரியோ நகர மேயர் தம் நாட்டு வீரர்களை வெற்றி வீரர்களாகவே வாழ்த்திப் பேசினார்.

உருகுவே பயிற்சியாளர் தற்காப்பு ஆட்டம் ஆடும்படி யோசனை சொன்னார். அவர் அறையை விட்டுப் போனதும் வரேலா தம் தோழர்களிடம் வேறு விதமாகப் பேசினார். பயந்து ஒதுங்கினால் தோல்வி நிச்சயம் என்றும், துணிந்து மோத வேண்டும் என்றும் எடுத்துச் சொன்னார்.

எது திருப்பம்?

ஃபிரியாசாவின் கோல் 'ஆஃப்சைடு' என்று வரேலா நடுவரிடம் வாதாடினார். நடுவர் இங்கிலாந்துக்காரர், வரேலாவின் ஸ்பானிஷ் மொழி அவருக்குப் புரியவில்லை. வரேலா விடவில்லை. ஆட்டம் சிறிது நேரம் நின்றது. கூட்டம் கூச்சல் போட்டது, அவரை ஏசியது. பிறகு அந்தக் கூச்சலும் மெல்ல அடங்கியது.

கோல் செல்லாது என்று நடுவர் சொல்லப் போவதில்லை. அது வரேலாவுக்கும் தெரியும். பின் எதற்கு அந்த வாதம்? கலங்கிப்போன தம் வீரர்கள் மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும். பிரேசிலின் வேகம் தணிய வேண்டும். அதற்குத்தான்!

66-வது நிமிடம் கிஜ்ஜியா தட்டிக் கொடுத்த பந்தை ஸ்கியாஃபினோ கோலாக்கினார். 79-வது நிமிடம் கிஜ்ஜியாவே இரண்டாவது கோலைப் போட்டார். அத்தனை பெரிய மைதானத்தில் மயான அமைதி. உருகுவே 2, பிரேசில் 1!

ஆட்டத்தின் திருப்பம் எது? ரசிகர்களிடையே இன்றும் இந்த விவாதம் ஓயவில்லை. ஸ்கியாஃபினோவின் கோல் என்பார் சிலர். கிஜ்ஜியாவின் கோல் என்பார் பலர். கோல் எதுவும் விழாத அந்தச் சில நொடிகளே திருப்பம் என்பார் வேறு சிலர். பந்து வரேலாவின் கக்கத்தில் இருந்த நேரம் அது.

பிரேசிலில் இந்த விவாதம் ஒரு மனிதரின் வாழ்வையே கசப்பாக்கியது. கோல் கீப்பர் பார்போசா இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறினார் என்று பழி சுமத்தினார்கள். 2000-ஆம் ஆண்டு இறக்கும் வரை அந்தப் பழியை அவர் சுமந்தார்.

வென்றவரின் துக்கம்

கோப்பையை வழங்க வந்த ஜூல்ஸ் ரிமே, விழா எதுவும் இல்லாமல், குழப்பத்தின் நடுவே அதை வரேலாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு தோழர்கள் விடுதியில் மகிழ்ந்திருக்க, வரேலா ஊருக்குள் புறப்பட்டார். மதுக்கடைகளில் பிரேசில் மக்கள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அடிப்பார்களோ என்று அஞ்சினார். அவர்களோ தங்களோடு உட்கார்ந்து குடிக்க அழைத்தார்கள்! விடியும் வரை அவர்களுடைய துக்கத்தில் அவரும் பங்கு கொண்டார். இவர்களையா அழ வைத்தோம் என்ற வேதனை அவர் மனத்தில் தங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் கிடைத்த பரிசுப் பணத்தில் 1931-ஆம் ஆண்டு மாடல் பழைய ஃபோர்டு கார் ஒன்று வாங்கினார். ஒரே வாரத்தில் அது களவு போய்விட்டது!

1954-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், 36 வயதில், இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அதே ஆட்டத்தில் காயம் பட்டது. அவர் இல்லாமல் ஆடிய உருகுவே, அரை இறுதியில் ஹங்கேரியிடம் தோற்றது. அவர் ஆடிய உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில்கூட உருகுவே தோற்றதில்லை.

புகழைத் தேடி அவர் போகவில்லை. எளிமையாகவே வாழ்ந்து, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி தமது 78-வது வயதில் காலமானார். அடக்கச் செலவை அரசாங்கம் ஏற்றது.

பந்தை உதைத்துப் பேர் வாங்கியவர்கள் ஆயிரம் பேர். பந்தை உதைக்காமல் கையில் வைத்திருந்து பேர் வாங்கியவர் வரேலா!