காபிக் கடைப் பெயராகிப்போன ஹாக்கி வீரர்... 44 வயது வரை ஆடிய டிம் ஹார்ட்டன் யார்?

கனடாவில் சொந்தக்காரங்க இருக்கிற வீடுகளில் 'டிம் ஹார்ட்டன்ஸ்' என்ற பெயர் கட்டாயம் காதில் விழுந்திருக்கும். நம்ம ஊர் டீக்கடை மாதிரி அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் காபிக் கடை அது. 2022-ல் டெல்லியிலும் குருகிராமிலும் கடை திறந்து இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் ஏதோ கம்பெனி யோசித்து வைத்த பெயர் இல்லை. அது ஒரு மனுஷனோட பெயர். 24 சீசன் ஐஸ் ஹாக்கி ஆடி, 44 வயதிலும் ஓய்வு பெறாமல், கடைசி ஆட்டம் முடிந்து சில மணி நேரத்திலேயே உயிரை விட்ட ஒருவரின் பெயர்.

யார் இந்த டிம் ஹார்ட்டன்?

1930 ஜனவரி 12-ம் தேதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காக்ரேன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் மெக்கானிக் வேலை. பதிவேட்டில் மைல்ஸ் கில்பர்ட் ஹார்ட்டன் என்றுதான் இருக்கிறது. ஆனால் அம்மா ஆசைப்பட்ட பெயர் டிம். கடைசியில் அம்மா வைத்த பெயர்தான் நின்றது.

சட்பரி என்ற சுரங்க ஊரில் வளர்ந்த பையனை, 17 வயதில் டொரண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளி ஹாக்கிக்காகவே இழுத்துக்கொண்டது. அங்கிருந்து டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி. என்.ஹெச்.எல். தொடரில் முதல் ஆட்டம் 1950 மார்ச்சில். நிரந்தர இடம் கிடைத்தது 1952-ல்.

அவர் தடுப்பு ஆட்டக்காரர். எதிரணி ஆள் பக்கைத் தள்ளிக்கொண்டு வரும்போது வழிமறித்து, மோதி, நிறுத்துவதுதான் வேலை. கிரிக்கெட், ஃபுட்பால் பார்த்துப் பழகிய நமக்கு ஐஸ் ஹாக்கி மோதல் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். முழு வேகத்தில் வருகிற ஆளைப் பலகைச் சுவரோடு சேர்த்து அடிப்பது அங்கே விதிக்குள் வரும் ஆட்டம். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் கூடப் போட்டதில்லை.

முடிந்துபோச்சு என்று நினைத்த கால்

1955 மார்ச்சில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பில் கேட்ஸ்பி மோதியதில் ஹார்ட்டனுக்குக் காலும் தாடையும் உடைந்தன. அப்போது வயது 25. இனி ஆடுவாரா என்பதே சந்தேகம். அடுத்த சீசனில் பாதி அதிலேயே போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1961 பிப்ரவரியில் இருந்து 1968 பிப்ரவரி வரை, வழக்கமான லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 486 ஆட்டங்கள் ஆடினார். ஏழு வருஷம்! தடுப்பு ஆட்டக்காரர்களில் அந்தச் சாதனையை முறியடிக்க 2007-ல் லாத்வியாவின் கார்லிஸ் ஸ்க்ராஸ்டின்ஸ் வர வேண்டியிருந்தது.

உடம்பு பலம் அப்படி. ஆனால் அவர் சண்டைக்கோழி இல்லை. கைகலப்பு வந்தால் எதிராளியை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்துவிடுவார். கரடிப் பிடி. அதில் மாட்டியவரால் குத்தவும் முடியாது, நகரவும் முடியாது. இத்தனைக்கும் தளத்துக்கு வெளியே கண்ணாடி இல்லாமல் இருக்க முடியாத அளவுக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்.

1962 ஸ்டான்லி கோப்பைச் சுற்றில் 12 ஆட்டங்களில் 16 புள்ளிகள் எடுத்தார். தடுப்பு ஆட்டக்காரர் ஒருவர் அவ்வளவு எடுத்தது அதுவரை இல்லை. 1962, 63, 64 என்று வரிசையாக மூன்று கோப்பைகள். நான்காவதுதான் சுவாரஸ்யம்.

கிழவர்கள் ஜெயித்த கோப்பை

1967-ல் டொரண்டோ அணியின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கோல்கீப்பர் ஜானி பவருக்கு 42. ஆலன் ஸ்டான்லிக்கு 41. ரெட் கெல்லிக்கு 39. ஹார்ட்டனுக்கு 37. இந்த அணிதான் இறுதிச் சுற்றில் மாண்ட்ரியாலை ஆறு ஆட்டங்களில் வீழ்த்தியது. ஸ்டான்லி கோப்பையை ஜெயித்ததிலேயே வயதான அணி என்று இன்றும் சொல்லப்படுவது இதைத்தான். அந்தக் கோப்பைக்குப் பிறகு டொரண்டோவுக்கு இன்னொன்று கிடைக்கவே இல்லை என்பது தனி சோகம்.

அதன்பின் ஹார்ட்டனின் ஆட்டம் இறங்கவில்லை. 1968, 1969 என இரண்டு வருஷமும் லீக்கின் முதல் ஆல் ஸ்டார் அணிக்கான இரண்டு தடுப்பு இடங்களில் ஒன்று அவருடையது. இன்னொன்று பாபி ஆர் என்ற இளைஞனுடையது. 1969-ல் ஆருக்கு 21 வயது, ஹார்ட்டனுக்கு 39. ஹாக்கியின் மிகப்பெரிய திறமை என்று கொண்டாடப்பட்ட அந்த ஆர், முழங்கால் கெட்டுப்போய் 30 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். அருகில் நின்ற பெரியவர் 44 வரை ஆடினார். சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருது மட்டும் ஹார்ட்டனுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

ஏன் நிறுத்தவில்லை?

இதற்கு உடம்பு மட்டும் பதில் இல்லை, பணமும்தான். 1967 வரை என்.ஹெச்.எல்.லில் மொத்தமே ஆறு அணிகள். அணி சொன்னதுதான் சம்பளம். பெரிய வீரர்களே கோடையில் வேறு வேலை பார்த்துக் குடும்பம் நடத்திய காலம். ஹார்ட்டனும் பக்கத் தொழில் தேடினார். ஹாம்பர்கர் கடை போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை. 1964-ல் ஹாமில்டன் நகரின் ஒட்டாவா தெருவில் டோனட், காபி விற்கும் கடையைத் திறந்தார். டோனட் என்றால் நம்ம மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை, சுவை மட்டும் இனிப்பு. அடுத்த வருஷம் அந்தக் கடையை எடுத்து நடத்த வந்தவர் ரான் ஜாய்ஸ், ஒரு முன்னாள் போலீஸ்காரர். 1967-க்குள் இருவரும் பங்குதாரர்கள் ஆனார்கள்.

கணக்கு மாறியதும் அதே 1967-ல்தான். ஆறு அணிகள் பன்னிரண்டு ஆயின. 1972-ல் டபிள்யூ.ஹெச்.ஏ. என்ற போட்டி லீக்கும் வந்தது. வீரர்களுக்குத் தட்டுப்பாடு, சம்பளம் ஏறியது. வீட்டுக்குப் போக வேண்டிய வயதில் இருந்தவர்களுக்கு திடீரென்று மவுசு. ஓய்வு பெற்றிருந்த கார்டி ஹோவ், 45 வயதில் தன் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட அந்தப் புது லீக்குக்குப் போனதும் இந்த அலையில்தான். அவர் 52 வயது வரை ஆடினார். அது வேறு கதை.

1970-ல் டொரண்டோ ஹார்ட்டனை நியூயார்க்குக்குக் கொடுத்துவிட்டது. அங்கிருந்து பிட்ஸ்பர்க். காயங்களால் 44 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. இத்தோடு போதும் என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பழைய டொரண்டோ பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக், பஃபலோ சேபர்ஸ் என்ற புது அணியை நடத்திக்கொண்டிருந்தார். பொடிப்பசங்க நிறைந்த அந்த அணிக்கு நிதானமான ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டார். ஹார்ட்டன் போன முதல் சீசனிலேயே, 1973-ல், பஃபலோ முதல் தடவையாக பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

இன்னும் ஒரு வருஷம் ஆட வைக்க ஒப்பந்தத்தோடு ஒரு காரும் கொடுத்தார் இம்லாக். டி தொமாசோ பான்டெரா என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார், வெள்ளை நிறம்.

கடைசி இரவு

1974 பிப்ரவரி 20. பஃபலோவுக்கு ஆட்டம் டொரண்டோவில், ஹார்ட்டன் இருபது வருஷம் ஆடிய அதே மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்தில். தாடையில் காயம், மூன்றாவது பகுதியில் அவர் இறங்கவில்லை. பஃபலோ 4-2 என்று தோற்றது. அப்படியும் ஆட்டத்தின் சிறந்த மூவரில் ஒருவராக அவர் தேர்வானார்.

அணியோடு போகாமல் தன் காரில் கிளம்பினார். வழியில் ஓக்வில்லில் இருந்த கடை அலுவலகத்தில் ஜாய்ஸைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் பஃபலோ நோக்கி ஓட்டினார். செயின்ட் கேத்தரின்ஸ் அருகே நெடுஞ்சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. சீட் பெல்ட் போடவில்லை. வெளியே தூக்கி எறியப்பட்டார். வயது 44. மனைவி லோரி, நான்கு மகள்கள்.

முழு விவரம் வெளியே வர 31 வருஷம் ஆனது. 2005-ல் பிரேதப் பரிசோதனை அறிக்கை வெளியானபோது, ரத்தத்தில் ஆல்கஹால் சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது தெரிந்தது. டெக்ஸெட்ரின், டெக்ஸமில் என்ற ஊக்க மாத்திரைகளும் அவரிடம் இருந்தன. அவரது நீண்ட ஆட்டக் காலத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். ஆனால் 24 சீசன் என்ற எண்ணுக்குள் அந்தக் கடைசி இரவும் சேர்த்திதான்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

அவர் இறந்தபோது இருந்தவை சுமார் 40 கடைகள். அடுத்த வருஷம் குடும்பத்தின் பாதிப் பங்கை ஜாய்ஸ் 10 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார். அன்றைக்கு அது பெரிய தொகைதான். பிறகு கடைகள் நூறாகி, ஆயிரமாகின. விற்ற நேரத்தில் தான் போதை மருந்துப் பழக்கத்தில் இருந்ததாகவும், முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்றும் லோரி வழக்குப் போட்டார். 1993-ல் தோற்றார். மேல்முறையீடும் எடுபடவில்லை. 2000-ல் அவர் காலமானார். ஹார்ட்டனின் மூத்த மகள் கல்யாணம் செய்துகொண்டது ஜாய்ஸின் மகனை என்பது இந்தக் கதையின் இன்னொரு திருப்பம்.

2014-ல் பர்கர் கிங் நிறுவனத்தோடு இணைந்தபோது டிம் ஹார்ட்டன்ஸின் மதிப்பு 1,100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். பாதியை விற்றபோது குடும்பத்துக்குக் கிடைத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு கனக்கும். அதே நேரத்தில், 40 கடையை ஆயிரக்கணக்கில் பெருக்கியது ஜாய்ஸின் உழைப்பு என்பதையும் மறுக்க முடியாது. ஹார்ட்டன் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கான முகாம்களைத் தொடங்கியவரும் அவர்தான்.

ஹாக்கி உலகம் ஹார்ட்டனை 1977-லேயே ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. பஃபலோ அவர் அணிந்த 2-ம் எண்ணை 1996-ல் வேறு யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தது. அவர் 1,185 ஆட்டங்கள் ஆடிக் கொடுத்த டொரண்டோ, 7-ம் எண்ணுக்கு அதே மரியாதையைச் செய்ய 2016 வரை எடுத்துக்கொண்டது.

ஒட்டாவா தெருவில் முதல் கடை இருந்த இடத்தில் இன்றும் டிம் ஹார்ட்டன்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கட்டிடத்தை இடித்து இரண்டு மாடியாகக் கட்டிவிட்டார்கள். கீழே காபி, மேலே சின்ன மியூசியம்.