பூஜை அறைப் படமும் ஒரு நஷ்டக் கணக்கும்

நம் குடியிருப்பில் எந்த வீட்டுப் பூஜை அறைக்குள் போனாலும் லட்சுமி, சரஸ்வதி படம் இல்லாமல் இருக்காது. பட்டுச் சேலை, கனிந்த முகம், பின்னால் குளம், மரம், வானம். அண்ணாமலையார் கோயில் தூண்களில் இருக்கும் சிற்பங்களில் தேவியர் இப்படிச் சேலை கட்டி நிற்பதில்லை. அப்படியென்றால் இந்த உருவம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே மனிதரின் தூரிகையிலிருந்து வந்தது என்றே சொல்லிவிடலாம். அவர் ராஜா ரவி வர்மா.

திருவிதாங்கூரில் கிளிமானூர் அரண்மனையில் 1848ல் பிறந்தார். முதல் குரு அவருடைய மாமாவே. அவர் வரைந்தது தஞ்சாவூர் பாணியில். பதினான்கு வயதில் பையனைத் திருவனந்தபுரம் அழைத்துப்போய் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் சேர்த்தார்கள். எண்ணெய் வண்ணம் அப்போது நம் பக்கத்துக்குப் புதிய சங்கதி. அதை அறிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். பிறகு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கற்றார் ரவி வர்மா. 1873ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் பூ வைக்கும் நாயர் பெண் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வருஷம் வியன்னாவிலும் பரிசு.

பரோடா மன்னர் பதினான்கு புராணப் படங்கள் கேட்டபோதுதான் பெரிய சிக்கல் வந்தது. தமயந்திக்கும் சீதைக்கும் என்ன உடை போடுவது? ஊருக்கு ஊர் உடை வேறு. தம்பி ராஜராஜ வர்மாவோடு வடநாடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சேலை என்று முடிவு செய்தார். அவருடைய சரஸ்வதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிம்மாசனம் கிடையாது, பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சேலைக்குச் சரிகைக் கரை, பக்கத்தில் மயில். நான்கு கைகளை மறைத்துவிட்டால் நன்றாக வீணை வாசிக்கும் ஒரு வீட்டுப் பெண்தான். ஆனந்த குமாரசாமி போன்றவர்களுக்கு இதுதான் பிடிக்கவில்லை. தெய்வத்தை நாடக மேடைக்கு இறக்கிவிட்டார் என்பது அவர்கள் குறை. குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜனங்கள் அந்த முகத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அதே காலத்தில் ரஷ்யாவில் ரெபின் முதலான ஓவியர்கள், தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் மட்டும் பார்த்தால் போதாது என்று தங்கள் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ரவி வர்மா செய்தது அதற்கும் ஒரு படி மேல். படத்தை வீட்டுக்கே அனுப்பினார். யோசனை சொன்னவர் நம் கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கச் சொன்னார் அவர். ரவி வர்மாவோ 1894ல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் போட்டார். இயந்திரமும் ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லிலும் பிசகாமல் ஏறி இறங்க வேண்டும். கடைசியில் வார்னிஷ். பார்த்தால் எண்ணெய் ஓவியமேதான்.

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் என் கண் கணக்குப் பக்கமே போகிறது. முதலீடு கனம், வெளிநாட்டு நிபுணர் சம்பளம் கனம், விற்கும் சரக்கோ விலை மலிவு. போதாததற்குப் பம்பாயில் பிளேக் வந்தது. அச்சகத்தை லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. தூரிகை சம்பாதித்ததை அச்சகம் விழுங்கியது. கடைசியில் அங்கு வேலைபார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். கடன் மனு போட வந்திருந்தால் நானே தயங்கியிருப்பேன்.

ஆனால் பேரேட்டில் வராத ஒரு வரவு உண்டு. அன்று கோயில் வாசலுக்குள் நுழைய விடாமல் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936ல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே இந்தப் படங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்; சாதி கேட்க ஆள் இல்லை. சுவரில் மாட்டி, தானே விளக்கேற்றிக் கும்பிடலாம். ரவி வர்மா இதை நினைத்துத்தான் அச்சகம் வைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அரண்மனை மனிதர், வியாபாரமும் நோக்கம்தான். நடந்தது என்னவோ இது.

பத்து வருஷத்துக்கு முன்புவரை, டிசம்பர் பிறந்தால் எங்கள் வங்கிக் கவுன்ட்டரில் காலண்டர் கேட்டு வருபவர்கள் முதலில் விசாரிப்பது சாமி படம் போட்டதா என்றுதான். வட்டி விகிதம்கூட அப்புறம்தான்.

1905ல் தம்பி இறந்தார். படங்களில் பாதி வேலை அவருடையது. பயணம், வரவுசெலவு எல்லாம் பார்த்துக்கொண்டவரும் அவரே. அண்ணனுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய். 1906 அக்டோபர் 2ஆம் தேதி கிளிமானூரில் ரவி வர்மா காலமானார். அன்றைக்கும் மளவ்லியில் அவர் பெயரிலேயே, வேறொருவர் கணக்கில், லட்சுமி அச்சாகிக்கொண்டிருந்தாள்.